அடுத்த வெளிச்சவீடு வரைக்கும்

இராசரத்தினத்துக்குத் தன் மகனோடு இருக்கக் கிடைத்த நாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். மற்ற நாட்களில் பிளாஸ்டிக் வாளிகள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்குப் பின்னேர சிப்ற், இரவுவரை வேலை. பத்து வயது அபிஷன் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடந்து வருகிற நேரத்தில் அவர் பஸ்ஸில் இருப்பார். வேலை முடிந்து அவர் வரும்போது அவன் நித்திரை. சனிக்கிழமைகளில் ஓவர்ரைம் கேட்டால் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. மனைவி பாலேஸ்வரி வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில் காலை வேலை செய்தாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கும் அவள் வீடு வருகிற நேரத்துக்கும் இடையில், கனடாவில் மல்வேர்ன் பகுதியில் இருந்த அந்தச் சின்ன டவுன்ஹவுஸில் தம்பியைப் பார்த்துக்கொள்வது பத்தாம் வகுப்புப் படித்த கஜனி.

வீடியோ கேம் பெட்டியை வாங்கிக் கொடுத்தவரே இராசரத்தினம்தான். முந்திய வருட நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், மலிவு விற்பனை நடந்த கடையில் வரிசையில் நின்று வாங்கினார். தாய் தகப்பன் இல்லாத நேரத்தில் பிள்ளை வெளியே அலையாமல் வீட்டுக்குள் இருப்பான் என்பது அவருடைய கணக்கு. கணக்கு பிழைக்கவில்லை. பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் இருந்தான். கோயிலுக்கு வா என்றால் இருந்தான், கடைக்கு வா என்றால் இருந்தான். ரீவிக்கு முன்னால் கம்பளத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு, கொன்றோலரை இரண்டு கையாலும் பிடித்தபடி, கேட்டதற்கெல்லாம் "ஓம் அப்பா" என்று திரும்பிப் பாராமல் பதில் சொன்னான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பனி மாரி தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலேஸ்வரி ஆட்டிறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துச் சோற்றைக் கோப்பைகளில் போட்டுவிட்டு மகனைக் கூப்பிட்டாள்.

"வாறன் அம்மா" என்றான்.

திரும்பவும் கூப்பிட்டாள். "இந்தா முடியுது" என்றான்.

இராசரத்தினம் ஏற்கெனவே மேசையில் இருந்தார். கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்த சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கிழமையில் ஒரு நேரம் நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது என்பது அவருக்குச் சின்ன விஷயமல்ல.

"தம்பி, உதை நிப்பாட்டிப்போட்டு எழும்பி வா."

"ஒரு நிமிசம் அப்பா. பிளீஸ்."

அவர் எழுந்து போனார். திரையில் கையளவு மனிதன் ஒருவன் கோபுரம் மாதிரி ஒன்றின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தான். இராசரத்தினம் ரீவியின் பின்னால் குனிந்து, சுவரில் இருந்த வயரைப் பிடித்து இழுத்தார். திரை கறுத்தது.

அபிஷன் கத்துவான், அழுவான் என்று அவர் எதிர்பார்த்தார். அவன் கொஞ்ச நேரம் அந்தக் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு கொன்றோலரைக் கீழே வைத்துவிட்டு வந்து மேசையில் இருந்து, தந்ததைச் சாப்பிட்டான். சாப்பிட்டுக் கை கழுவியதும் போய் வயரைக் கொழுவி ஒருமுறை போட்டுப் பார்த்தான். உடனே நிப்பாட்டினான். மேலே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டான்.

கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்த கஜனிதான் தகப்பனுக்கு விளங்கப்படுத்தினாள்.

"அப்பா, அவன் சேவ் பண்ணப் போன நேரம் பாத்து வயரைப் பிடுங்கிட்டியள். அப்பிடிப் பிடுங்கினதில முந்திச் சேவ் பண்ணினதும் சேர்ந்து அவன்ர கேம் எல்லாம் அழிஞ்சு போச்சு."

"எல்லாம் எண்டால்?"

"சமர் லீவில இருந்து விளையாடினது முழுக்க. அவன்ர பேர் இருந்த இடமே வெறுமையாய்க் கிடக்கு."

"விளையாட்டுத்தானே பிள்ளை. திருப்பி விளையாடினால் சரிதானே."

கஜனி கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "ஒருக்கா நீங்கள் விளையாடிப் பாருங்கோ அப்பா" என்றாள். குறும்பாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

அந்தக் கிழமை அபிஷன் பெட்டியைத் தொடவில்லை. இராசரத்தினம் முதலில் அதை வெற்றி என்றுதான் எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் நிற்கும் அன்புராசாவிடம், "ஒரு இழுவை, அதோட சரி" என்று சொல்லிச் சிரித்தார். அன்புராசாவும் சிரித்து, தானும் வீட்டுக்குப் போய் இழுத்துப் பார்க்கப்போவதாகச் சொன்னான். ஆனால் பாலேஸ்வரி சொன்னது வேறு. பிள்ளை வந்து சோபாவில் சும்மா இருக்கிறானாம். வீட்டுப்பாடம் செய்கிறான், சாப்பிடுகிறான், ஆனால் வாய் திறக்கிறானில்லையாம்.

அடுத்த ஞாயிறு அவர் அதைத் தானே கண்டார். கேட்டதற்கு "ஓம்", கேட்டதற்கு "இல்லை". மரியாதைக் குறைவு என்று பிடிக்கவும் இடமில்லை. முன்பு திரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னவன் இப்போது அவருடைய முகத்தைப் பார்த்தே சொன்னான். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார், அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை எல்லாரும் போன பிறகு, தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து ரீவிக்கு முன்னால் நின்றார். வீட்டில் ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் ஒருமுறை படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு பெட்டியைப் போட்டுக் கம்பளத்தில் இருந்தார். விட்டதைத் தானே பிடித்துக் கொடுத்துவிடலாம், காலை முழுக்கத் தனக்கு நேரம் இருக்கிறதுதானே என்பது அவருடைய யோசனை.

திரை முதலில் பெயரைக் கேட்டது. அம்புக்குறியை ஓட்டி ஓட்டி ஒவ்வோர் எழுத்தாகத் தேடி மகனின் பெயரை எழுதவே அவருக்குத் தேத்தண்ணீர் ஆறிவிட்டது. ஆட்டத்தின் கதை இதுதான்: ஒரு பெரிய புயலில் தீவுகளில் இருந்த வெளிச்சவீடுகள் எல்லாம் அணைந்துவிட்டன. ஒரு சின்னப் படகோட்டி தீவு தீவாகப் போய் அவற்றைத் திரும்பக் கொளுத்த வேண்டும். கேட்க லேசாக இருந்தது. இறங்கிய இடத்திலேயே ஒரு சிவப்பு நண்டு வந்து கடித்தது. படகோட்டி விழுந்தான். திரும்ப எழும்பினான், திரும்பக் கடித்தது. பாய்வதற்கு ஒரு பொத்தான், அடிப்பதற்கு ஒன்று. நண்டு வரும்போது இவர் பாய்ந்தார், பள்ளம் வரும்போது அடித்தார். பாயும்போது தன் உடம்பும் சேர்ந்து எம்புகிறது என்பதை அவர் கவனிக்க வெகுநேரம் எடுத்தது. கவனித்தபோது தனியே இருந்து சிரித்தார்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. கிழமைக் கடைசியில்தான் முதலாவது வெளிச்சவீட்டின் படிகளில் ஏறி விளக்கைக் கொளுத்தினார். கடல் முழுக்க மஞ்சள் வெளிச்சம் பரவி, ஒரு சின்ன இசை வாசித்தது. அதன் பிறகு திரை ஒரு கேள்வி கேட்டது: இதுவரை வந்ததைச் சேமிக்கவா?

இராசரத்தினம் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். இத்தனை நாளும் இடையில் நிறுத்திய ஒவ்வொரு முறையும் அவர் முதல் நண்டிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வெளிச்சவீட்டில் மட்டும்தான் அது இப்படிக் கேட்கிறது. அங்கே வந்து சேரும் முன் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண். அன்றைக்கு அபிஷன் ஒரு நிமிசம் என்று கேட்டபோது படகோட்டி ஏறிக்கொண்டிருந்தது இந்தப் படிகளில்தான். பிள்ளை பொய் சொல்லிப் பேய்க்காட்டவில்லை. உண்மையாகவே ஒரு நிமிசம்தான் கேட்டிருக்கிறான்.

அவர் கவனமாகப் பொத்தானை அமத்திச் சேமித்தார். சேமித்து முடிந்தது என்று எழுத்து வந்த பிறகும், வயரைத் தொடப் பயமாக இருந்தது.

இரண்டாவது தீவில் ஒரு குகை. உள்ளே போனால் ஒரே இருட்டு, எங்கே நடந்தாலும் படகோட்டி கடலுக்குள் விழுந்தான். இரண்டு காலைகள் அந்தக் குகையிலேயே போய்விட்டன. இரண்டாவது நாள் பின்னேரம் தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் நின்று, அச்சிலிருந்து விழும் வாளிகளைப் பொறுக்கி அடுக்கும்போதும் அவருக்கு அந்தக் குகைதான் ஞாபகம். பிறேக் மணி அடித்ததும் சாப்பாட்டு அறைக்குப் போகாமல், வாசலில் இருந்த காசு போட்டுப் பேசும் ரெலிபோனுக்குப் போனார்.

கஜனி எடுத்தாள். வேலையிடத்தில் இருந்து அவர் வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற வழக்கமில்லை.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டும் இல்லை. தம்பியிட்டக் குடு."

அபிஷன் வந்தான். "ஓம் அப்பா."

"எடேய், அந்த ரெண்டாம் தீவில ஒரு குகை இருக்கெல்லே. உள்ள போனால் ஒண்டும் தெரியுதில்லை. அதுக்குள்ளால எப்பிடிப் போறது?"



"எந்தக் குகை?" என்று கேட்டான் அபிஷன்.

"வாசலில ரெண்டு நண்டு நிக்குமே, அது."

"நீங்கள் எப்பிடி அங்க போனனீங்கள்?"

"விளையாடித்தான் போனனான். வேற எப்பிடிப் போறது?"

அதைக் கேட்ட பிறகு அவனுடைய குரல் மாறியது. வழமையான "ஓம்", "இல்லை" குரல் இல்லை. அவசரமான, நிறையச் சொல்ல இருக்கிற குரல்.

"அப்பா, கேளுங்கோ. கிணத்தடியில ஒரு மனிசி நிப்பா. அவவோட ரெண்டு தரம் கதைக்கோணும். முதல் தரம் குட் மோர்னிங் எண்டு மட்டும்தான் சொல்லுவா. எல்லாரும் அதோட போயிடுவினம். போகக் கூடாது. ரெண்டாந் தரம் கதைச்சால் லாம்பு தருவா."

"ரெண்டு தரமோ?"

"ஓம். லாம்பு இல்லாமல் ஒரு ஆளாலயும் குகைக்குள்ள போகேலாது."

அவருக்குப் பின்னால் ரெலிபோனுக்காகக் காத்து நின்ற அன்புராசா, "வீட்டில ஏதும் பிரச்சினையோ அண்ணை?" என்று கேட்டான்.

"இல்லை, ஒரு லாம்பு எடுக்கவேணும்" என்று சொல்லிவிட்டு இராசரத்தினம் வேலைக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு பிறேக் நேரத்தில் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பது வழமையாகிவிட்டது. அபிஷன் முதலாவது மணியிலேயே எடுத்தான். பின்னேரங்களில் பெட்டியைப் போட்டுத் தகப்பன் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பான். ஆனால் அதில் கை வைக்கமாட்டான். தனக்கென்று வேறு ஒரு பெயரில் புதிதாகத் தொடங்கியிருந்தான். அப்பா எந்தத் தீவில் நிற்கிறாரோ அதற்கு அடுத்த தீவில் தான் நின்றுகொள்வான், வழி சொல்ல வசதியாக. பேச்சு நண்டில் தொடங்கினாலும் நண்டோடு நிற்கவில்லை. வாசிப்பில் தன்னை மேல் குறூப்பில் போட்டுவிட்டார்கள் என்று ஒரு நாள் சொன்னான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் புட்டுத் தந்துவிட வேண்டாம், உதிர்கிறது, இரண்டு துண்டு பாண் போதும் என்று இன்னொரு நாள் சொன்னான். புட்டை ஆரும் பகிடி பண்ணுகிறார்களோ என்று இவர் கேட்டார். இல்லை, உண்மையாகவே உதிர்கிறது என்றான்.

இதற்குள் இராசரத்தினத்துக்கு ஆட்டம் நன்றாகப் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டது அளவோடு நிற்கவில்லை. ஒரு நாள், வேலைக்கு வெளிக்கிடும் முன் அடுப்பில் அரிசியைப் போட்டுவிட்டு, கொதி வரும் மட்டும் என்று சொல்லிக்கொண்டு போய் இருந்தார். நாலாவது தீவில் புயல். அலைக்கு மேலால் படகைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வெளிச்சவீடு. ஒருமுறை கவிழ்ந்தது. இந்தா, இந்த முறை சரி என்றார். தீய்ந்த மணம் வந்தபோது ஏதோ அயல் வீட்டில் என்று நினைத்தார். புகை எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியதும்தான் கொன்றோலரைப் போட்டுவிட்டு ஓடினார். பானையைத் தூக்கித் தண்ணீரில் வைத்து, யன்னல்களைத் திறந்து, மணியை அடக்கி முடித்தபோது அவருடைய பஸ் போய்விட்டது. வேலைக்குப் பிந்திப் போய், சூப்பர்வைசரிடம் பஸ் வரவில்லை என்று சொன்னார். சொல்லும்போது, இப்படியான ஒரு பதிலை மகன் சொன்னால் தான் எப்படி நம்பாமல் பார்ப்பேன் என்ற நினைவு வந்தது.

அந்த ஞாயிறு மேசையில் நாலு பேரும் இருந்தபோது பாலேஸ்வரி கறுத்த பானையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"இதை ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும். ஏன் எண்டுதான் தெரியேல்லை."

பிள்ளைகள் தகப்பனைப் பார்த்தார்கள்.

"புயலுக்குள்ள நிண்டனான்" என்றார் இராசரத்தினம்.

அபிஷன் வாயைப் பொத்திக்கொண்டான். கஜனிக்கு அடக்க முடியவில்லை. பாலேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு பிள்ளையைத் திருத்துவம் எண்டு பாத்தால் இப்ப எனக்கு ரெண்டாய்ப் போச்சு. வீடு பத்தியிருந்தால் என்ன செய்யிறது? அவன் சின்னவன். உங்களுக்கு எங்க போச்சுது யோசினை?"

"நீர் சொல்லுறது சரி" என்றார் அவர். "ஆனால் எனக்கு ஒண்டு விளங்கிட்டுது ஈஸ்வரி. நான் நாப்பது கடந்த மனிசன். எனக்கே எழும்பேலாமல் இருந்தது. இவனை நாங்கள் எழும்பு எண்டால் உடன எழும்பவேணும் எண்டு நினைக்கிறம்."

"அதுக்கு?"

"அதுக்கு, எழும்பக்கூடிய இடத்தில எழும்பச் சொல்லவேணும்."

அப்படித்தான் அந்த வீட்டில் வெளிச்சவீட்டுச் சட்டம் வந்தது. சாப்பிடக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே பாலேஸ்வரி ஒரு குரல் கொடுப்பாள். அடுத்த வெளிச்சவீடு வரைக்கும் போகலாம். அங்கே சேமித்துவிட்டு எழும்ப வேண்டும், அதற்குப் பிறகு பேரம் இல்லை. வீட்டுப்பாடம் முடிக்காமல் பெட்டியைத் தொடுவதில்லை. அடுப்பில் ஏதும் இருந்தால் வயது வித்தியாசமில்லாமல் ஒருவரும் தொடுவதில்லை என்பதைப் பாலேஸ்வரி சேர்த்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ரீவி தன்னுடையது, படகும் இல்லை நண்டும் இல்லை என்று கஜனி சொன்னாள்.

"அப்ப எனக்கு?" என்று இராசரத்தினம் கேட்டார்.

"நீங்கள் வேலைக்குப் போங்கோ" என்றாள் பாலேஸ்வரி. அப்போதுதான் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு ஞாயிறு கூப்பிட்டபோது, "இன்னும் வெளிச்சவீடு வரேல்லை" என்றான் அபிஷன். இராசரத்தினம் வந்து பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"இது மூங்கில் தீவெல்லே. இதில வெளிச்சவீடு மேற்குக் கரையில. நீ அதைக் கடந்து கிழக்குக்கு வந்திட்டாய்."

அபிஷன் திரும்பிப் பார்த்தான். மாட்டிக்கொண்டவனின் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, தகப்பனுக்கு இது தெரிந்திருக்கிறதே என்று. படகைத் திருப்பிக்கொண்டு போய்ச் சேமித்துவிட்டு எழும்பினான்.

இன்னொரு முறை கதை கொஞ்சம் கடுமையாக இருந்தது. பக்கத்து நகரமான பிறம்ரனில் இருந்த தங்கத்துரை, கனடாவுக்கு வந்த புதிதில் இவர்களோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர். இப்போது லொறி ஓட்டினார். அவருடைய மகன் லவன் ஒரு கேமை அபிஷனுக்கு இரவல் கொடுத்திருந்தான். கேம் வந்த பெட்டியில் எம் என்று ஓர் எழுத்தும், அதன் கீழே பதினேழு வயதுக்கு மேல் என்றும் இருந்தது. இப்படி எழுத்துப் போடத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை, தகப்பன்மார் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. இராசரத்தினம் பார்த்தார். பறித்து வைக்காமல், "வா, ரெண்டு பேரும் ஒருக்காப் பாப்பம்" என்று பக்கத்தில் இருந்தார். ஒருவன் இன்னொருவனின் தலையைத் திருகி எடுத்தான். கழுத்திலிருந்து இரத்தம் பாய்ந்தது. அவர் ஊரில் யுத்தத்துக்குள் இதைவிட மெய்யானதைக் கண்டுவிட்டு வந்த மனிதர். கையில் இருந்த கொன்றோலரைக் கீழே வைத்தார்.

"தம்பி, உது எங்கட வீட்டில வேண்டாம்."

"லவன் விளையாடுறான் அப்பா. உது பொய் இரத்தம்தானே."

"பொய் எண்டு எனக்கும் தெரியும். ஆனால் நான் பக்கத்தில இருந்து பாக்க விருப்பமில்லாததை நீ தனிய இருந்து பாக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை. பதினேழு வயசில நீ கேள், அப்ப கதைப்பம்."

அபிஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேலே போனான். ஆனால் அன்று பின்னேரமே கீழே வந்து, கேமை அதன் பெட்டியில் போட்டுத் தாயின் கையில் கொடுத்துவிட்டான். கூடவே, "உண்மையா எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கேல்லை" என்றான்.

இராசரத்தினம் தங்கத்துரைக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னார். தங்கத்துரை அதிர்ந்துபோனார். மகன் ஏதோ கார் ஓடுகிறான் என்று நினைத்திருந்தாராம். அன்றைக்கே முழுப் பெட்டியையும் தூக்கித் தன் காரின் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டார். அடுத்த கிழமை எடுத்துச் சொன்னார்: "அண்ணை, இப்ப அவன் சிநேகிதன் வீடே கதியெண்டு கிடக்கிறான். அங்க என்ன விளையாடுறானோ ஆருக்குத் தெரியும்."

அபிஷனின் பள்ளிக்கூடத்தில் கிளடிஸ் என்றொரு பெண் வேலை செய்தாள். புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடுவில் நின்று பேசுவது அவளுடைய வேலை. பெற்றோரோடு எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் கேம் பெட்டியில் வந்து நிற்பதை அவள் கண்டிருந்தாள். தன் அப்பா ஐந்தாவது தீவில் நிற்கிறார் என்று அபிஷன் வகுப்பில் சொன்ன கதை ஆசிரியர் மூலம் அவளுக்கு வந்தது. ஒரு காலை அவள் இராசரத்தினத்துக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"சனிக்கிழமை பின்னேரம் லைபிரரியில தாய் தகப்பன்மாரைக் கூப்பிடுறன் அங்கிள். நீங்கள் வந்து கொஞ்சம் கதைக்கவேணும்."

"நான் என்னத்தைப் பிள்ளை கதைக்கிறது? நானே விளையாடிச் சோத்தைக் கருக்கினவன்."

"அதைக் கதையுங்கோ" என்றாள் கிளடிஸ்.

ஓவர்ரைமுக்கு முதல் தடவையாக மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். பாலேஸ்வரி தேத்தண்ணீரும் றோல்ஸும் செய்து எடுத்து வந்தாள். உருட்டக்கூடிய, சில்லு வைத்த மேசைகளில் பள்ளிக்கூடத்து ரீவிகள் இரண்டு. ஒன்றில் இவர்களுடைய பெட்டி. மற்றதில், பிறம்ரனிலிருந்து குடும்பத்தோடு வந்த தங்கத்துரை டிக்கியிலிருந்து இறக்கிய பெட்டி. பிள்ளைகளைப் பக்கத்து அறையில் படம் கீற விட்டிருந்தார்கள்.

தாய் தகப்பன்மார் எதிர்பார்த்தது ஓர் எண்ணிக்கையை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விடலாம் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். இராசரத்தினத்துக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுந்து நின்று, "எனக்கு எண்ணிக்கை தெரியாது. முதல்ல இருந்து ஒருக்கா விளையாடிப் பாருங்கோ" என்று சொல்லி, முன்வரிசையில் இருந்தவர்களின் கையில் கொன்றோலரைக் கொடுத்தார்.

தயங்கினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து குந்தினார். அபிஷனின் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நண்டை அடித்தாள். மற்ற ரீவியில், இரவல் வந்த இரத்தக் கேமை அல்ல, ஒரு கார்ப் பந்தயத்தைப் போட்டிருந்தார்கள். லொறி ஓட்டுகிற தங்கத்துரை முதல் வளைவிலேயே மதிலில் மோதினார். "பிறேக் இல்லாத வாகனம்" என்றார். திரும்பத் தொடங்கினார். வளைவில் உடம்பு முழுக்கச் சாய்ந்தது. பின்னால் நின்றவர்கள் வழி சொன்னார்கள், சத்தம் கூடியது, ஒருவர் தன்னுடைய முறை போய்விட்டது என்று உண்மையாகவே கோபித்தார்.

"தேத்தண்ணி ஆறுது, வாங்கோ" என்று பாலேஸ்வரி கூப்பிட்டாள்.

ஒருவரும் அசையவில்லை.

கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கூப்பிட்டாள். "இந்தா வாறன் தங்கச்சி, இந்தச் சுத்து முடியட்டும்" என்றார் தங்கத்துரை, திரும்பிப் பாராமல்.

சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கதவடியில் வந்து குவிந்திருந்தார்கள். தங்கத்துரையின் கடைசி மகள் லக்ஷிகா, ஏழு வயசு, அவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். தகப்பனையும் ரீவியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"அப்பா, வயரைப் பிடுங்கட்டோ?"

அறை சிரிப்பில் குலுங்கியது. தங்கத்துரையின் கார் இன்னொரு முறை மதிலில் மோதியது. அவர் கொன்றோலரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பிள்ளைகளின் சிரிப்புத்தான் வெகுநேரம் அடங்கவில்லை. கதவடியில் நின்ற லவன், கனகாலத்துக்குப் பிறகு தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து இருந்து, "வளைவுக்கு முன்னமே விரலை எடுக்கோணும் அப்பா" என்று செய்து காட்டினான்.

றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டுதான் உண்மையான பேச்சு நடந்தது. எந்தக் கேமில் எங்கே நிறுத்தலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள், ஒருக்காப் பக்கத்தில் இருந்து பாருங்கள், பெட்டியில் இருக்கிற எழுத்தை வாசியுங்கள், விளையாடும் பெட்டியைப் படுக்கை அறையில் வைக்காமல் எல்லாரும் இருக்கிற இடத்தில் வையுங்கள். இராசரத்தினம் சொன்னது இவ்வளவுதான். மற்றதை மற்றவர்கள் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த மரியம்மா, தன் வீட்டுக்கு இந்தச் சாமான் வரவே வராது, தன் பிள்ளைகள் வயலின் பழகுகிறார்கள் என்றாள். அதுவும் நல்லதுதான் என்றார் இராசரத்தினம். யாரும் அவளோடு வாதாடவில்லை. அவள் போகும்போது நண்டு ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

சித்திரை மாதத்தில் தொழிற்சாலையில் ஒருவர் விலகிப் போக, காலை சிப்றில் ஓர் இடம் வந்தது. சம்பளம் சற்றுக் குறைவு என்று தெரிந்தும் இராசரத்தினம் கேட்டு எடுத்துக்கொண்டார். பாலேஸ்வரியும் எடுங்கோ என்றாள்.

முதல் நாள் அவர் பிள்ளைகளுக்கு முன்பே வீட்டுக்கு வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் நின்றார். பனி கரைந்து புல்வெளி ஈரமாகக் கிடந்தது. தெரு முனையில் அபிஷன் வந்தான். வேறு இரண்டு பையன்களோடு ஏதோ பெரிய கதை. தகப்பனைக் கண்டதும் ஒருகணம் நின்றான். பிறகு முதுகுப் பை ஒரு பக்கம் அடிக்க ஓடி வந்தான்.

"அப்பா, இண்டைக்கு வேலை இல்லையோ?"

"முடிஞ்சு வந்திட்டன்."

"இனி ஒவ்வொரு நாளும் இப்பிடியோ?"

"ஓம், ஒவ்வொரு நாளும்தான்."

அபிஷன் பையைக் கழற்றிப் படியில் போட்டான். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான், தெருவில் காத்து நின்ற பையன்களைப் பார்த்தான்.

"அப்ப எனக்குச் சைக்கிளுக்குக் காத்தடிச்சுத் தாறியளோ? இவங்கள் பார்க்குக்குப் போறாங்கள். நீங்களும் வாங்கோ."

இராசரத்தினம் சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார். மாரி முழுக்க மூலையில் கிடந்ததில் சங்கிலி துருவேறியிருந்தது. பையன்கள் மூன்று பேரும் சுற்றிவரக் குந்தியிருந்து, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேச, அவர் ரயருக்குக் காற்றடிக்கத் தொடங்கினார்.